அன்னா விற்ற இறகு மெத்தை

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் பேசியும் எழுதியும் புகழ்பெற்ற பிரெடரிக் டக்ளஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "தானே படித்தார், தானே தப்பித்தார்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் முதல் பாதிதான் சரி. இரண்டாம் பாதி எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

படிக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பால்டிமோரில் எஜமானி சோபியா ஆல்ட் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். படிக்கக் கற்றவன் அடிமையாக இருக்க லாயக்கில்லை என்று கணவர் ஹியூ தடுத்துவிட்டார். அதைக் கேட்ட சிறுவனுக்கு வழி புரிந்துவிட்டது. அப்புறம், பசியோடு திரிந்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கேட்டான். கப்பல் கட்டுமிடத்தில் தச்சர்கள் இடப்பக்க (லார்போர்ட்) மரத்துக்கு 'எல்', வலப்பக்க (ஸ்டார்போர்ட்) மரத்துக்கு 'எஸ்' என்று குறி போடுவார்கள். அதைப் பார்த்து எழுதிப் பழகினான். வேலியும் செங்கல் சுவரும்தான் நோட்டு, சுண்ணக்கட்டிதான் பேனா. எஜமானர் மகன் எழுதி முடித்துப் போட்ட நோட்டுகளில், வரிகளுக்கு நடுவே கிடந்த இடத்தில் அதே கையெழுத்தை எழுதிப் பார்த்தான். எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது.

அந்தக் கையெழுத்தால்தான் 1836இல் தப்பிப்பதற்காகத் தனக்கும் கூட்டாளிகளுக்கும், எஜமானரே வெளியே போக விட்டதுபோல, அனுமதிச் சீட்டு எழுதினார். திட்டம் வெளியே கசிந்துவிட்டது. தன் சீட்டை நெருப்பில் போட்டார், மற்றவர்கள் பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கினார்கள். ஈஸ்டன் சிறைதான் மிச்சம்.

1838 செப்டம்பர் 3 அன்று ரயிலில் தப்பித்தபோது அவரைக் காப்பாற்றிய காகிதம் அவர் எழுதியதல்ல. சுதந்திரமான ஒரு கறுப்பின மாலுமி கொடுத்த அடையாளச் சான்று. அதிலிருந்த அங்க அடையாளம் இவருக்குப் பொருந்தவே இல்லை. மேலே கழுகு முத்திரை இருந்தது, ரயில் நடத்துநர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தச் சான்று பிடிபட்டிருந்தால் கொடுத்தவர் கதி என்ன? யோசித்தால் பதறுகிறது.

வழிச்செலவுக்குக் கைகொடுத்தவர் அவர் மணக்கவிருந்த அன்னா மரே. சுதந்திரமான கறுப்பினப் பெண், வீட்டு வேலை செய்து சேர்த்த பணம். தன் இறகு மெத்தை ஒன்றையும் விற்றார். அன்னாவுக்குக் கடைசிவரை எழுதப் படிக்கப் பெரிதாக வரவில்லை. கணவர் தன் கதையைத் திரும்பத் திரும்ப எழுதினார், இவர் கதையை இவரால் எழுத முடியவில்லை. மெத்தை விற்றதே மகள் ரொசெட்டா எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. "தானே தப்பித்தார்" என்று நாம் சொல்லும்போது அந்த வரியையும் அழித்துவிடுகிறோம்.

டக்ளஸ் தப்பிப் போய்ச் சேர்ந்தது நியூயார்க். சில நாட்களில் அன்னாவும் அங்கே வந்துசேர்ந்தார். செப்டம்பர் 15 அன்று திருமணம். நியூ பெட்ஃபோர்டில் குடித்தனம் வைக்க மெத்தை, தலையணை, தட்டு, கரண்டி எல்லாம் அவர்தான் கொண்டுவந்திருந்தார்.