கொடுத்து வைத்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் மாப்பிள்ளை தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்து, "உங்க பொண்ணு கொடுத்து வச்சவ" என்றார். நானும் சிரித்து வைத்தேன். பஸ் ஏறி மதுரை வந்து சேரும் வரை அந்த வார்த்தை மட்டும் கூடவே வந்தது.

என் மாமியார் காலத்தில், விருதுநகர் பக்கத்துக் கிராமத்தில், குடிக்காத, கை ஓங்காத புருஷன் வாய்த்தவள்தான் கொடுத்து வைத்தவள். அதற்கு மேல் யாரும் ஆசைப்படவில்லை. எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது, இவர் என்னை வேலைக்குப் போக விட்டதால். ஆறு பேருக்குச் சமைத்து இறக்கிவிட்டு எட்டே காலுக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். என்னை யாரோ 'விட்டிருக்கிறார்கள்' என்பது அப்போது உறைக்கவே இல்லை. இன்றைக்கு மகளுக்குத் தோசை ஊற்றும் மாப்பிள்ளை. முன்னேற்றம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று தலைமுறையாகப் புருஷன் ஒழுங்காக இருப்பது பெண்டாட்டியின் ஜாதகக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது.

"இப்பத்தான் எல்லாத்துக்கும் மெஷின் இருக்கே" என்பவர்களுக்கு எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியார் வலது கையால் குழவியைச் சுற்றி, இடது கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். உளுந்து மாவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுவரை எழுந்திருக்க மாட்டார். தோள் விட்டுப்போகும் வேலை. ஆனால் அது தீபாவளி, பொங்கல், ஊர்ப் பொங்கல் என்று வருஷத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் கம்மங்கூழும் பழைய சோறும். அப்புறம் கிரைண்டர் வந்தது. 2011இல் அரசாங்கமே மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தது. இட்லி தினசரிப் பலகாரம் ஆனது. கூடவே இரண்டு சட்னி, சாம்பார், ஆளுக்கொரு டிபன் பாக்ஸ், அதில் நேற்று வைத்தது இன்று இருக்கக் கூடாது. கூழ் கரைத்து வைத்த மாமியாரிடம் "இன்னைக்கும் தேங்காய்ச் சட்னியா?" என்று எவரும் முகம் சுளித்ததில்லை. அந்தக் கேள்வி கிரைண்டரோடு சேர்ந்து வந்தது.

2024ஆம் ஆண்டு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவழிப்பது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88. 2019இல் இது 299, 97. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்ததும் ஆணும் விட்டுக்கொடுக்காமல் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்! அதுவும் வீட்டுவேலை செய்கிற ஆண்களை மட்டும் சேர்த்த சராசரி.

2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, அதற்கு 'உதவித் தொகை' என்று வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டை நடத்திய மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது.

எங்கள் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனபின் காய் நறுக்குகிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் வாயில் வருவது "நறுக்கிக் கொடுத்தேன்", "துணி காயப்போட்டுக் கொடுத்தேன்". முப்பது வருஷமாக நான் நறுக்கியிருக்கிறேன், காயப்போட்டிருக்கிறேன். ஒரு நாளும் யாருக்கும் நறுக்கிக் கொடுத்ததில்லை.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். தோசை ஊற்றும்போது "எண்ணெய் எங்க?", "ரெண்டாவது மாவு எந்த டப்பா?" என்று அடுப்படியிலிருந்து மூன்று முறை குரல் வந்தது. மகள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள், உளுந்து தீர்ந்ததையும் போனில் குறித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா அதைக் கவனிக்கவில்லை.

நான் கிளம்பும்போது தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனேன். மாப்பிள்ளை சிங்க்கில் கிடந்த அத்தனை பாத்திரத்தையும் தேய்த்து முடித்து, அடைத்திருந்த சோற்றுப் பருக்கைகளைக் கையாலேயே வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க அத்தை, தரை ஈரமா இருக்கு" என்றார். ஹாலில் ஒருவருக்கும் தெரியாது.