ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் வெப்பநிலை பற்றி ஒரு திருத்தம்

ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே புகுந்து தூங்கும் பையின் மேல் ‘மைனஸ் 5 டிகிரி’ என்று போட்டிருந்தால் அந்தக் குளிரிலும் நிம்மதியாகத் தூங்கலாம், எல்லாப் பருவத்துக்கும் அது ஒன்றே போதும் என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 23537-இன்படி சோதித்த பைகளுக்கு ஒரே எண் இருக்காது. ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகப் படுத்துத் தூங்கக்கூடிய அளவு. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் கடைசி எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ தூக்கத்துக்கான எண்ணே இல்லை. அது உயிர் தப்புவதற்கான கணக்கு. அந்த நிலையில் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். தயவுசெய்து அதை நம்பிக் குளிரில் படுக்காதீர்கள்.

நீங்களே சரிபார்க்கலாம். பையின் லேபிளையோ தயாரிப்பாளர் தரும் விவரப் பட்டியலையோ எடுத்து இந்த மூன்று சொற்களையும் தேடுங்கள். பெரிய எழுத்தில் மைனஸ் 5 என்று இருக்கும். உள்ளே பார்த்தால் அது லிமிட்டாகவும், கம்ஃபர்ட் 1 டிகிரியாகவும் இருக்கக்கூடும். தரநிலையின் பெயரே இல்லாமல் ஓர் எண் மட்டும் இருந்தால், அது விற்பவர் சொல்லும் கணக்கு, அவ்வளவுதான். இன்னொன்று: சோதனையில் மனித உடல் போன்ற ஒரு பொம்மையைப் பைக்குள் வைத்து, அடியில் பாய் விரித்து, உடையும் போட்டுத்தான் அளக்கிறார்கள். வெறுந்தரையில் அந்த எண் எதுவும் செல்லாது.

பல பருவங்களுக்கு ஒரே பை வேண்டுமென்றால், போகப்போகும் இடத்தின் இரவுக் குளிரைக் கம்ஃபர்ட் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.