குப்பையைப் பற்றிக் கேட்டால் கட்சியைச் சொல்கிறார்கள்

வடசென்னையில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொண்டுவரத் திட்டமிட்ட எரிஉலை பற்றி எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் யார் என்ன எழுதினாலும், கொஞ்ச நேரத்தில் பேச்சு கட்சிக்குத் தாவிவிடுகிறது. "போன ஆட்சியில எங்க போயிருந்தீங்க?" "வந்துட்டாருப்பா இருநூறு ரூபா உபி." "சங்கி ஏன் கதறுது?" அதற்கப்புறம் குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இது நம் மூச்சுக்காற்று சம்பந்தப்பட்ட விஷயம். நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பதாகத் திட்டம். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மிச்சச் சோறு, காய்கறித் தோல். ஈரக் குப்பை லேசில் எரியாது. கூடவே பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்ஸின் என்ற நச்சு வரும். புகையை வடிகட்டினாலும் வடிகட்டியில் பிடிபட்ட நச்சுச் சாம்பலை எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்? ஏற்கெனவே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி எண்ணூர் முகத்துவாரத்தில் வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் எண்ணூர்ப் பக்கம் பெரியகுப்பத்தில் நள்ளிரவு அமோனியா கசிவு. 2025 மே மாதம் வடசென்னைக்காரர்கள் மனிதச் சங்கிலியாக நின்றது சும்மா இல்லை.

அந்தச் சமயத்தில் குழுவில் ஒருவர் கேட்டார்: "எரிக்கக் கூடாதுன்றீங்க, சரி. தெனமும் வர்ற குப்பைய எங்க கொட்றது? காலம்பூரா நாங்களே நாத்தத்துல கெடக்கணுமா?" அவர் வீடு கிடங்கை ஒட்டிய தெருவில். நான் பார்த்தவரை இந்த விவகாரத்தில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி இதுதான். எதிர்க்கிற நாங்கள்தான் முதலில் பதில் வைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் தரப்பு ஆட்களே "எவ்ளோ வாங்குன?" என்று பாய்ந்தார்கள். மனுஷன் குழுவை விட்டே போய்விட்டார்.

வியாசர்பாடி டீக்கடையிலும் கட்சிச் சண்டை உண்டு. ஆனால் மறுநாள் அதே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதால் ஒரு எல்லை இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது எதிரே இருப்பவருக்கில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் ஆட்களுக்குக் காட்டத்தான். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் "இதை நான் யோசிக்கலையே" என்று யார் சொல்வார்கள்?

எந்த ஆட்சியில் என்ன நடந்தது என்று தாராளமாகக் கேளுங்கள். இரண்டு கழக ஆட்சியிலும் அந்தக் குப்பைமேடு வளர்ந்துதான் இருக்கிறது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். என் பதிவில் இனி 'உபி', 'சங்கி', 'தும்பி' என்று கட்சிப் பட்டப்பெயர் வந்தால் நீக்கிவிடுவேன், யார் எழுதினாலும் சரி.

இப்போதைக்கு எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: மட்கும் குப்பையை அந்தந்த வார்டிலேயே உரமாக்கினால், எரிப்பதற்கென்று மிச்சம் எத்தனை டன் இருக்கும்? மாநகராட்சிப் பணியில் இருப்பவர்கள், தூய்மைப் பணியாளர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எரிஉலை வேண்டும் என்பவர்களும்தான்.