என் 'ட்யூசன் பை' பற்றி

ஞாயிறு கொழும்பு புறக்கோட்டையில் படம் எடுக்கப் போன இடத்தில் ஒரு தம்பி என் பையைப் படம் பிடித்து நம் புகைப்படக் குழுவில் போட்ட கதை உங்களுக்குத் தெரியும். "அண்ணா ட்யூசனுக்குப் போறார்" என்ற வரியையும் பார்த்திருப்பீர்கள். சரி, நானும் சிரித்தேன். ஆனால் ஒழுங்கான கெமராப் பை ஒன்று வாங்கு என்று கொமென்ட் இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அது சாதாரண முதுகுப்பைதான். உள்ளே பஞ்சுத் தடுப்புகள் வைத்த கெமரா இன்சர்ட். அதன் மேல் சாப்பாடு, குடை. முதுகுப் பக்கம் லப்டொப். இதை நான் தினமும் கொண்டுபோகிறேன். தினமும். கல்யாண வீட்டுக்குக் காரில் போய் இறங்குகிறவர்கள் இந்தச் சொல்லை மட்டும் வாசிப்பதே இல்லை.

என் சோனி ஏ7 மார்க் 3 கெமராவும் 24-70 ஜிஎம் லென்ஸும் சேர்ந்தாலே ஒன்றரைக் கிலோ. காலியாகவே இரண்டு கிலோ வரும் கெமராப் பைக்குள் அவற்றைப் போட்டு, காலையில் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், பிறகு பேசலாம். பீக் டிசைன் மாதிரிக் கெமராப் பைகளில் பக்கவாட்டுச் சிப்பைத் திறந்து சட்டென்று கெமராவை எடுக்கலாம். நல்ல வசதி, எனக்கும் ஆசைதான். நெரிசலில் பக்கத்தில் நிற்பவன் கைக்கும் அதே வசதி. டொலர் 200 ரூபாயாக இருந்தபோதே யோசித்த சாமானை, 300ஐத் தாண்டிய பிறகு வாங்கச் சொல்கிறீர்கள். யார் காசில்?

மழைக்கு என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே வந்த ஒரே உருப்படியான கேள்வி அது. ஒக்டோபர், நவம்பர் மாலை மழையில் ரெயின் கவர் போட்டாலும் முதுகுப் பக்கம் திறந்துதான் கிடக்கும், சட்டையில் வழியும் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். அதனால் இன்சர்ட்டையே தடித்த பொலித்தீன் பைக்குள் வைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அப்படியே தூக்கி வெளியே எடுத்து, கெமராவையும் லென்ஸையும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்துவிடுவேன். ஈரப் பைக்குள் கிடந்தால் லென்ஸில் பங்கஸ் பிடிக்கும். கொழும்புக் காற்று அப்படி.

இடுப்புப் பட்டி இல்லையே என்றவருக்கு: நான் சிவனொளிபாதமலை ஏறவில்லை, பம்பலப்பிட்டியில் இறங்குகிறேன்.

அப்புறம், "புரொபெஷனலா தெரியேல்லை." ஆடிவேல் திருவிழாத் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டபோது நான் எடுத்த படங்களுக்கு ஹார்ட் போட்டவர்கள் நீங்கள்தானே? அவை எந்தப் பையிலிருந்து வந்தன என்று நினைத்தீர்கள்?

தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்தப் பை! 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களுக்குள் குண்டுகள் முதுகுப்பைகளில்தான் போயின. அதன் பிறகு பள்ளிப் பிள்ளைகளின் பைகளையே வாசலில் திறந்து பார்த்த ஊர் இது. எல்லாப் பக்கமும் சிப்பும் பட்டியுமாக ஒரு கறுப்புப் பை, உள்ளே வயர், பற்றரி, சார்ஜர், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டி விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. என் இன்சர்ட்டை ஒரே பெட்டியாகத் தூக்கிக் காட்டலாம். பார்ப்பார்கள், போகச் சொல்வார்கள். போர்க்காலத்தில் அப்பா இதே காலி வீதியில் பையைத் திறந்து காட்டிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தவர். சாப்பாட்டுப் பார்சலையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

"ஒரு பகிடிக்குள் ஏன் இதையெல்லாம் இழுக்கிறாய்" என்று கேட்பீர்கள். கொழும்பில் பை வாங்கப் போனால் எனக்கு இதுவும் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு வராவிட்டால் நல்லது, சந்தோஷம்.

படம் போட்ட தம்பி, வேண்டுமானால் நீக்குகிறேன் என்று இன்பொக்ஸில் சொல்கிறார். வேண்டாம் தம்பி, கொமென்ட்களோடு அப்படியே இருக்கட்டும். அங்கே சிரித்தவர்களிலேயே சிலர், இன்சர்ட் எங்கே வாங்கினீர்கள் என்று தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பதில் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.