வாசல் விளக்கை அணைத்த நான்கு வருஷம்

அக்டோபர் பிறந்தால் எங்கள் தமிழ் ஜெப ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வந்துவிடும். ஹாலோவீன் சாத்தானின் பிறந்தநாள், அன்றைக்கு மிட்டாய் வாங்கித் தின்னும் பிள்ளைக்குள் ஆவி புகுந்துவிடும் என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். கீழே இருபது ஆமென். (அக்டோபர் 31 சாயங்காலம் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்குவதுதான் இங்கே அமெரிக்காவில் ஹாலோவீன்.) இந்த வருஷமும் வந்தது. நான் ஆமென் போடவில்லை. ஏன் போடலை என்று ஒரு அக்கா தனியாகக் கேட்டார். குழுவில் எழுதினால் சண்டையாகும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் நான்கு வருஷமும் அக்டோபர் 31 சாயங்காலம் ஐந்தரைக்கே வாசல் விளக்கை அணைத்துவிடுவேன். விளக்கு எரியாத வீட்டுக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள், அது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. திரையை இழுத்துவிட்டு மாடி அறையில் உட்கார்ந்து கீர்த்தனை பாடுவோம். நான்காவது வருஷம் இருட்டையும் மீறி யாரோ கதவைத் தட்டினார்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பேட் பீப்பிள் வந்துட்டாங்களா?" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பையன், அவளோடு ஒரே ஸ்கூல் பஸ்ஸில் போகிறவன். தேனீ வேஷம். குளிருக்கு அவன் அம்மா மேலே ஜாக்கெட்டை மாட்டிவிட்டதில் இரண்டு இறக்கையும் நசுங்கிக் கிடந்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. எதிர்வீட்டுப் பிள்ளையைக் கெட்டவன் என்று என் பிள்ளைக்கு நான்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

பயப்படுகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். இந்த ஊர்க்காரர்களுக்குப் பேய் என்பது புல்வெளியில் காற்றடைத்து நிறுத்தும் பொம்மை. நான் பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவள். உவரி அந்தோணியார் கோயிலில் தலைவிரித்து ஆடியவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இருட்டில் புளியமரத்தைத் தாண்டும்போது இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சூனியம், குறி, செத்தவர்களிடம் கேட்பது எல்லாவற்றையும் பைபிளில் உபாகமம் 18 வரிசையாகத் தள்ளி வைக்கிறதே, அதற்கு எங்கள் தெருக்கோடியிலேயே ஆள் இருந்தது. மை போட்டுப் பார்ப்பார்.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடி கத்தோலிக்கர். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடித்த கல்லறைமேல் மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி, சாமியார் தீர்த்தம் தெளிக்க வரும்வரை காத்து நின்றவர். அவருக்கு என் பயமே புரியவில்லை. "பேரைப் பாரு. ஆல் ஹாலோஸ் ஈவ், அதாவது சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின ராத்திரி, அவ்வளவுதான். இது நம்ம பண்டிகை" என்பார்.

வாதத்துக்காகப் படிக்கப் போய், அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். 8ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரகோரி, ரோமில் பேதுரு ஆலயத்துக்குள் சகல புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் ஏற்படுத்தினார். நான்காம் கிரகோரி காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், நவம்பர் 1 திருநாள் பரவலானது. வருஷத்தின் அதே நாட்களில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் 'சாவின்' என்ற பழைய பண்டிகையும் இருந்தது. (நம் காதுக்கு வேறு மாதிரி விழும். சாவுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை.) இங்கிலாந்தில் ஏழைகள் வீடுவீடாகப் போய், அந்த வீட்டில் செத்தவர்களுக்காக ஜெபித்து அப்பம் வாங்கியிருக்கிறார்கள். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் பூசணி கிடைத்ததும் அதற்கு மாறினார்கள்.

நான் விடுவேனா? எங்கள் புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லுத்தர், 1517இல் கத்தோலிக்க சபையின் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து 95 வாதங்களை வெளியிட்டதும் இதே அக்டோபர் 31தான் என்றேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் நடந்த சண்டை ஹாலோவீனைப் பற்றியதே இல்லை.

கடைசியில் வரலாறு எனக்கு எதையும் தீர்த்து வைக்கவில்லை. தீபாவளி முறுக்கு தீர்த்து வைத்தது. என் அம்மா டீச்சர். தீபாவளியன்று விடிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை தூக்குவாளியோடு வந்து, "டீச்சர், படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சது. பிள்ளைகளுக்குக் குடுங்க" என்பார். சாமிக்கு முன்னால் எங்களுக்கு எடுத்துவைப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று இப்போதுதான் புரிகிறது. வாங்கிக் கோழிக்குப் போட்ட கிறிஸ்தவ வீடுகளும் அதே தெருவில் உண்டு. அம்மா ஜெபம் பண்ணிவிட்டு எங்களுக்குத் தருவாள். ஒரு வருஷம் அத்தை வாசலிலேயே நின்று, "இந்தத் தடவ படைச்சிட்டோம் டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, "அப்ப அடுத்த வருஷம் டபுளா தரணும்" என்று சொல்லி, வாங்கவில்லை. கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு கேக் அத்தை வீட்டுக்கு வழக்கம்போலப் போனது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவனுக்காக விட்டுவிடு என்கிறாரே, அதை அந்த இரண்டு பெண்களும் வாசற்படியில் நின்றே முடித்துவிட்டார்கள்.

ஐந்தாவது வருஷம் விளக்கைப் போட்டேன். இப்போது மிட்டாய்க் கிண்ணத்தோடு நானே வாசலில் உட்காருகிறேன். வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம் இந்தத் தெருவே என் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. மற்ற நாளெல்லாம் கார் கராஜுக்குள் போய்விடும், முகமே தெரியாது. பிள்ளைகளும் போகிறார்கள். ரத்தம், அறுந்த கை, சூனியக்காரி வேஷம் கிடையாது. எந்த வீட்டிலாவது ஆவியைக் கூப்பிடும் பலகையை எடுத்தால் உடனே எனக்குப் போன் வரவேண்டும், அதில் பேச்சே இல்லை. எங்களிடமிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் பிலடெல்பியாவில் 1950இல் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகரும் அவர் மனைவியும் பிள்ளைகளை மிட்டாய்க்குப் பதில் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியான யுனிசெப்புக்குக் காசு கேட்க வைத்தார்கள். மகள் அந்தக் காசு வாங்கும் உண்டியலை இரண்டு வருஷம் தூக்கிக்கொண்டு போனாள். மகனுக்கு அதில் ஆர்வமில்லை, சாக்லேட்தான்.

சில சபைகள் ஹாலோவீனுக்கு 'ஹார்வெஸ்ட் பெஸ்டிவல்' என்று பெயர் மாற்றி, சர்ச் பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்து மிட்டாய் கொடுப்பதுதான் எனக்கு ஒட்டவில்லை. ஊரில் நடக்கும் அறுப்பின் பண்டிகை எனக்குத் தெரியும். வாழைத்தாரும் பூசணியும் சேவலும் ஆலயத்துக்கு வரும், ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும், இருநூறு ரூபாய்ச் சேவலை ஆயிரத்துக்கு எடுத்துவிட்டு ஒருவர் மீசையை முறுக்குவார். இங்கே வேஷமும் அதே, மிட்டாயும் அதே. எதிர்வீட்டுப் பையன் மட்டும் இல்லை.

விளக்கை அணைக்கிற குடும்பங்களோடு எனக்குத் தகராறு இல்லை. என் நெருங்கிய தோழி அன்றைக்குப் பிள்ளைகளோடு பீட்சா சாப்பிடக் கிளம்பிவிடுவாள், சந்தோஷமாகத் திரும்பி வருவாள். இந்த மாதிரி விஷயங்களில் அவரவர் மனசாட்சிப்படி நடக்கட்டும் என்கிற ரோமர் 14 அவளுக்கும் இடம் தருகிறது. ஆனால் சண்டே கிளாஸில் என் மகனிடம், "மிட்டாய் வாங்கப் போனியா? இயேசப்பா அழுவார்" என்று ஒரு டீச்சர் சொன்னார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த வருஷம் அவனுக்கு எலும்புக்கூடு டிரஸ் வேண்டுமாம். முடியாது என்றேன். "எசேக்கியேல் முப்பத்தேழுல எலும்பெல்லாம் எழும்பி நிக்குதேம்மா, நான் அதுல ஒரு ஆளு" என்கிறான். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். கேட்டு நாலு நாளாகிறது, நான் இன்னும் பதில் சொல்லவில்லை.