கீசரைக் குறைக்காமல் அம்மாவைத் திட்டி என்ன பயன்?

வெந்நீர் பட்டு வெந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஆஸ்பத்திரியில் முதல் வைத்தியம் அம்மாவுக்குத்தான். "புள்ளையப் பாத்துக்கத் தெரியாதா?" பிறகு கேஸ் ஷீட்டில் 'சுடுதண்ணீர்க் காயம், உடம்பில் 15 சதவீதம்', அவ்வளவுதான். குழாயா, வாளியா, தரையில் இறக்கிய ரசமா? எதுவும் பதிவாகாது. அடுத்த வாரமே அதே காயத்தோடு இன்னொரு குழந்தை.

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் டாக்டர் கென்னத் ஃபெல்ட்மனும் கூட இருந்தவர்களும் காயத்துக்குக் கட்டுப்போட்டதோடு விடவில்லை, வீடுகளின் குழாய்த் தண்ணீரையே அளந்தார்கள். 1978-இல் வெளியான ஆய்வு அது. 80 சதவீத வீடுகளில் 54 டிகிரி செல்சியஸுக்கு மேல்! 60 டிகிரியில் பெரியவர்கள் தோலே 5 விநாடியில் ஆழமாக வெந்துவிடும். 54-இல் அரை நிமிடம். 49-இல் 5 முதல் 10 நிமிடம் ஆகும். பிள்ளைத் தோல் மெல்லிசு, இன்னும் சீக்கிரம் வேகும். குழந்தை அலறியதும் ஓடிவந்து தூக்க அவகாசம் கிடைக்குமா என்பதை இந்தச் சில டிகிரிதான் முடிவு செய்கிறது.

1983-இல் அதே வாஷிங்டன் மாநிலம் புது வெந்நீர் ஹீட்டர்களை 49-இல் வைத்தே தர வேண்டும் என்று சட்டம் போட்டது. வாங்கியவர்களில் அதைக் கூட்டிவைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1988-இல் அளந்தபோது 77 சதவீத வீடுகளில் 54-க்குக் கீழே. சராசரி 61-லிருந்து 50-க்கு இறங்கியிருந்தது, காயங்களும் குறைந்தன. சுவரில் போஸ்டர் ஒட்டி இதைச் சாதித்திருக்க முடியாது என்பது என் கட்சி.

நம் வீட்டில் அளக்க: கீசர் விளக்கு அணைந்ததும் குழாயை 2 நிமிடம் ஓடவிட்டு, டம்ளரில் பிடித்து, சமையல் தெர்மாமீட்டரை வையுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் உதவாது, 42-43 டிகிரியிலேயே நின்றுவிடும். 49-க்கு மேல் இருந்தால் கீசரின் சூட்டுத் திருகைக் குறைத்து, மறுநாள் திரும்ப அளக்க வேண்டும். சில கீசர்களில் வெளியே திருகே இருக்காது. அப்போது வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அதன் மேல்தான் வெந்நீர். மாற்றி ஊற்றினால், குழாயைத் திறக்கத் திரும்பும் நேரத்தில் தவழும் பிள்ளை கையை விட்டுவிடும். (பட்டுவிட்டால் 20 நிமிடம் பச்சைத்தண்ணீர்க் குழாயில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம்.)

ஆஸ்பத்திரிகளிடம் கேட்பது பெரிய ஆராய்ச்சி மையம் அல்ல. கேஸ் ஷீட்டில் நான்கு கட்டம்: எந்தத் திரவம், எந்தப் பாத்திரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு. நிரப்ப நர்ஸுக்கு ஒரு நிமிடம் போதும். மாதக் கடைசியில் யாராவது ஒருவர் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் படுத்துவிடுவது அங்கேதான்.