வீட்டில்தானே இருக்கீங்க, பார்த்துக்க மாட்டீங்களா?

கோடை விடுமுறை விட்டதிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார், மச்சினன் கேட்கிறான், எப்போதோ கூடப் படித்தவன் தேடிப்பிடித்துக் கேட்கிறான். என் பதிலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் வீட்டுப் பிள்ளை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கும்.

மனைவி வேலைக்குப் போகிறார், வீட்டையும் பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. நானும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்த முடிவுதான் இது. "வேலை போயிடுச்சா சார்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

பள்ளி நடக்கும் மாதங்களில் இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் பிற்பகல் வரை வீடு என் கையில். சமையல், துணி, பெருக்கித் துடைப்பது, பில் கட்டுவது, இதோ வருகிறேன் என்று சொன்ன பிளம்பருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் அந்த இடைவெளிக்குள் எப்படியோ அடங்கிவிடும். விடுமுறையில் முதலில் பறிபோவது அந்த இடைவெளிதான். வேலையோ குறைவதில்லை, குட்டி போடுகிறது. துடைத்த தரை காய்வதற்குள் அதன்மேல் வாட்டர் கலர் தண்ணீர். மடித்து வைத்த போர்வையெல்லாம் கூடாரம். சாப்பாட்டுக்கு வேளை என்று ஒன்றே கிடையாது. "அப்பா, பசிக்குது"க்கும் "அப்பா, போர் அடிக்குது"க்கும் நடுவில் ஒரு வாளித் துணியைக் காயப்போட முடிந்தால் அது நல்ல நாள்.

இந்த லட்சணத்தில்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து இறங்குகிறார்கள். கேட்டால், "உங்க பசங்களுக்கும் ஒரு துணையாச்சே." ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னவர் யாரோ, சத்தியமாகக் கோடை விடுமுறையில் அவர் வீட்டில் இருந்திருக்க மாட்டார். தன் பிள்ளை தானே வளர்வதில்லை. வந்த பிள்ளையோடு சேர்ந்துகொண்டு சோபா மேலிருந்து குதிக்கிறது.

வருகிறவர்களுக்கு வீட்டுக்கு வீடு தனிச் சட்டம் வேறு. ஒருவனுக்கு அவன் வீட்டில் டிவியே கிடையாது. ஆகவே இங்கே வந்ததும் ரிமோட்டைத்தான் தேடுவான். இன்னொருத்திக்குப் போன் கையில் இல்லாவிட்டால் ஒரு வாய் இறங்காது. இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துச் சமாளித்து மூச்சு விட்டால், மாலையில் அழைத்துப்போக வந்த தகப்பனார், "டிவி பார்க்க விட்டீங்களா சார்?" என்று முகம் சுளிக்கிறார். கூடவே பாடமும் எடுக்கிறார்: 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம். சொல்கிறதுதான், நானும் படித்திருக்கிறேன். எங்கே ஓடவிடுவது என்றுதான் கேட்கிறேன். உச்சி வெயிலிலா, என் ஹாலிலா? பாடம் எடுத்தவர் தன் பிள்ளையோடு ஓடி நான் இதுவரை பார்த்ததில்லை.

கோடை வகுப்பில் சேர்த்துவிடுங்களேன் என்பவர்கள் தயவுசெய்து ஒரு நாள் என்னோடு வாருங்கள். பெரியவனுக்கு ஒரு நேரம், சின்னவளுக்கு வேறு நேரம். ஒன்றை விட்டுவிட்டு வீடு திரும்புவதற்குள் அடுத்ததைக் கிளப்ப வேண்டும். நடத்துகிறவர்கள் அனுப்பும் செய்தி ஒவ்வொன்றும் "அன்புள்ள அம்மாக்களே" என்றே தொடங்குகிறது. இது பரவாயில்லை, பழகிவிட்டது. நீச்சல் வகுப்புதான் கொடுமை. ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு ஈர உடையை எங்கே மாற்றுவது? ஆண்கள் அறையில் ஆட்கள் அரைகுறை உடையோடு நிற்கிறார்கள். பெண்கள் அறைக்குள் நான் போக முடியாது, போகவும் கூடாது. அப்பாவும் பிள்ளையும் ஒதுங்க ஒரு தடுப்பு வைத்தால் போதும். நிர்வாகத்தில் கேட்டேன். "அம்மாவை அனுப்புங்க சார்" என்றார்கள். அடடா, எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோதும் இதே கதைதான். டயப்பர் மாற்றும் மேசை என்றால் அது பெண்கள் கழிப்பறையில்தான் இருக்கும். பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் அந்த மேசை வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் 2016-ல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. ஒரு பலகை! அதைச் சுவரில் மாட்ட ஒரு சட்டம்!

எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த முரணில்தான். நாலைந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகும்போது என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அதுவே குழந்தையைப் பற்றி ஒரு தகவல் வேண்டுமென்றால் நான் கணக்கிலேயே இல்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எடை, கடைசியாக மருந்து கொடுத்த நேரம், எவ்வளவு கொடுத்தேன், எதற்கு வாந்தி எடுத்தாள், எல்லாம் விரல் நுனியில். முன்னால் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அம்மாவுக்கு போன் போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். மீட்டிங்கிலிருந்து பாதியில் எழுந்து வந்த மனைவி, "அவர்கிட்டயே கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அன்று கிடைத்த ஒரே நியாயம் அது.

திட்டுகிறவர்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பாராட்ட வருகிறவர்களைத்தான் முடியவில்லை. "மனைவிக்கு இவ்வளவு ஒத்தாசையா இருக்கீங்களே!" ஒத்தாசையா? என் வீட்டுப் பாத்திரத்தை நான் தேய்ப்பது யாருக்கு ஒத்தாசை? உலகம் முழுவதும் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 1 மணி 23 நிமிடம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்குச் சொன்னது. அந்த நாலரை மணி நேரத்துக்காக எந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள்? என்னைப் புகழ்கிற வாய்தான், பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் ஓர் அம்மாவைப் பார்த்து "கவனிக்காம என்ன பண்ணிட்டிருந்தே?" என்கிறது. என் பிள்ளை சிராய்த்துக்கொண்டபோது, "பாவம், ஆம்பளை, அவருக்கு என்ன தெரியும்" என்றார்கள். இதில் எது பெரிய அவமானம் என்று என்னால் தரம் பிரிக்க முடியவில்லை.

சரி, விடுமுறை இன்னும் மிச்சம் இருக்கிறது. நாளைக்கும் யாராவது வரத்தான் போகிறீர்கள். வாருங்கள், பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் முதல் நாளே கேளுங்கள். முடியாது என்றால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாதீர்கள். மாற்றுத்துணி ஒரு செட், தண்ணீர் பாட்டில், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத பண்டம் ஏதாவது இருந்தால் அதன் பெயர், மூன்றையும் கொடுத்தனுப்புங்கள். "இதோ, கொஞ்ச நேரத்துல வந்துடறேன்" என்று வாசலோடு நழுவாமல் எத்தனை மணிக்கு வந்து அழைத்துப்போவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த மணிக்கு வந்தும் சேருங்கள். அப்புறம், போன் அடித்தால் எடுங்கள்.